பிள்ளையார் சுழியோடு நின்றுபோகும் டைரிகள்

வீட்டிலேயே டைரி செய்வது எப்படி என்று கற்றுத்தரும் வீடியோக்கள் எக்கச்சக்கமாகக் கிடக்கின்றன. செமஸ்டர் லீவு, வேறு வேலை இல்லை, நானும் வரிசையாகப் பார்த்துத் தொலைத்தேன். எல்லாவற்றிலும் அட்டை இருக்கிறது, லேஸ் இருக்கிறது, ரிப்பன் இருக்கிறது, பின்னணியில் ஒரு சோகப் புல்லாங்குழல் இருக்கிறது. செய்து முடித்த டைரியில் யாராவது நாலு வரி எழுதுகிறார்களா என்று பார்த்தால், ம்ஹூம். கேமரா பக்கத்தைப் புரட்டுகிறது. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அப்புறம் "பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க". கதை முடிந்தது.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். டைரியை வீட்டில் நாமே செய்வது நல்ல விஷயம். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் அதை அழகாகச் செய்யக்கூடாது. சுமாராகத்தான் செய்ய வேண்டும். டைரி எவ்வளவுக்கு எவ்வளவு அழகோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதில் எழுத்து இருக்காது. கைவினை ஆர்வலர்கள் கட்டையைத் தூக்குவதற்குள் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

புதுசாக வாங்கிய பழசு

இந்த வீடியோக்கள் சொல்லும் முதல் பாடம்: தாளை டீ டிகாஷனில் முக்கிக் காயப்போடு, பழங்காலத்துக் கலர் வரும். இரண்டாம் பாடம்: மெழுகுவர்த்தியில் ஓரத்தை லேசாகக் கருக்கு. நல்ல தாளை எடுத்து, நூறு வருஷம் பரணில் கிடந்த மாதிரி ஆக்க அரை நாள் மெனக்கெடுகிறார்கள். டீயில் நனைந்த தாள் காய்ந்ததும் அப்பளம் மாதிரி நெளிந்து நிற்கும். கருகின ஓரம் தொட்டால் உதிரும். எழுதுவதற்கு என்றே இருக்கிற ஒரு பொருளை எழுத முடியாதபடி ஆக்குவதற்கு இவ்வளவு உழைப்பா என்று கேட்டால், "ரசனை இல்லாத ஜென்மம்" என்பார்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

அடுத்தது சாமான் பட்டியல். க்ளூ கன், அதற்குக் குச்சி, சணல் கயிறு, லேஸ், டிசைன் டேப், ஸ்டிக்கர், பிரஷ் பேனா செட், அட்டைக்கு ஒட்டும் ஃபேன்சி பேப்பர். எங்க காலேஜ் பக்கத்துக் கடையில் சும்மா விலை விசாரித்துப் பார்த்தேன். தாள் வாங்குவதற்கு முன்பே ஐந்நூறு ரூபாய் தாண்டிவிட்டது. காஸ்ட் ஷீட் போடத் தெரிந்த யாரும் இதை "வீட்டில் செய்தது" என்று சொல்ல மாட்டார்கள். கடையில் வாங்கியதை வீட்டில் ஒட்டியது, அவ்வளவுதான்.

எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸில் "வேஸ்டிலிருந்து வெல்த்" என்று ஒரு போட்டி நடந்தது. கையால் செய்த டைரிகள் நிறைய வந்திருந்தன. வேஸ்ட் எல்லாம் புதுசாக வாங்கிய வேஸ்ட் :-) புது சாக்குத்துணி, புது பட்டன், புது மணி. நடுவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள், மார்க் போட்டார்கள். ஒருவர்கூட டைரியைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தாள்களை ஸ்டேப்ளர் அடித்து, அதை மறைக்க லேஸ் ஒட்டியிருந்தது தெரிந்திருக்கும். அதில் ஒன்றையாவது செய்தவர் பிறகு எழுதியிருப்பார் என்று யாராவது சத்தியம் செய்தால் நான் இந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கத் தயார்.

ஏன் எழுத மாட்டோம்? பயம். அவ்வளவு அழகான பக்கத்தில் "இன்னிக்கு மெஸ்ஸில் சாம்பார் ஊசிப்போச்சு" என்று எப்படி எழுதுவது? கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும், விஷயம் பெரிதாக இருக்க வேண்டும், அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது. அதனால் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே பேர், ஒரு தத்துவம். அதோடு சரி. இரண்டாம் பக்கத்திலிருந்து டெட் ஸ்டாக். ஒவ்வொருத்தர் அலமாரியிலும் இந்த மாதிரி ஒன்றாவது இருக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

பி.காம். முதல் வருஷத்தில் தூங்கிவிட்டோம்

நாம் காமர்ஸ் படிக்கிற பிள்ளைகள். இந்த விஷயம் நமக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். கணக்கியலின் தந்தை லூக்கா பாசியோலி என்று ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தோம் அல்லவா? அவர் 1494-இல் வெனிஸில் வெளியிட்ட புத்தகத்தில் வியாபாரிக்கு மூன்று ஏடுகள் வேண்டும் என்கிறார். குறிப்பேடும் பேரேடும் நமக்குத் தெரியும். ஜர்னல், லெட்ஜர். இரண்டுக்கும் முன்னால் வருகிற மூன்றாவதை நாம் பரீட்சைக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம். அதற்குப் பெயர் மெமோரியல். நடந்தது நடந்தபடி, நடந்த உடனே, ஒழுங்கு முறை பார்க்காமல் எழுதிப்போடும் நோட்டு. கடையில் அந்த நேரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களே எழுதலாம். டெபிட், கிரெடிட் எல்லாம் பிறகு நிதானமாக ஜர்னலில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நோட்டுக்கு இங்கிலாந்து வியாபாரிகள் வைத்த பெயர் இன்னும் அருமை. வேஸ்ட் புக். கழிவு நோட்டு! ஜெர்மனியில் கோட்டிங்கனில் லிச்டென்பெர்க் என்று ஒரு இயற்பியல் பேராசிரியர் இருந்தார் (1742-1799). தன் மனதில் தோன்றியதையெல்லாம் கிறுக்கிவைக்க அவர் வைத்திருந்த நோட்டுகளுக்கு இந்தப் பெயரையே ஜெர்மனில் மாற்றி வைத்துக்கொண்டார். வியாபாரி முதலில் எல்லாவற்றையும் கலந்துகட்டி எழுதும் ஏடு போலத்தான் தன் நோட்டும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கு அவர் பெயர் நிலைத்திருப்பதே பெரும்பாலும் அந்தக் கிறுக்கல் நோட்டுகளால்தான்.

டைரி என்பது லெட்ஜர் இல்லை, மெமோரியல். நாமோ அதை ஆண்டறிக்கை மாதிரி வழவழ தாளில் தயாரித்துவிட்டு, உள்ளே போட என்ட்ரி இல்லாமல் முழிக்கிறோம்.

பெரிய ஆட்கள் எதில் எழுதினார்கள்?

உலகத்திலேயே பிரபலமான டைரி எது என்று கேட்டால் ஆன் ஃபிராங்க் டைரி என்பீர்கள். அது டைரியே இல்லை, தெரியுமா? 1942 ஜூன் 12, பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது கட்டம் போட்ட அட்டையுள்ள ஒரு ஆட்டோகிராஃப் நோட்டு. அந்த வருஷக் கடைசிக்குள் அது ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. பிறகு எழுதியதெல்லாம் சாதாரணப் பயிற்சி நோட்டுகளில். 1944-இல் எல்லாவற்றையும் திருத்தி எழுத உட்கார்ந்தபோது உதிரித் தாள்களில் எழுதினாள். ஒளிந்து வாழ்ந்த வீட்டில் கையில் கிடைத்த தாள். அது போதுமானதாக இருந்தது.

நம்ம பக்கம் வருவோம். புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761-இல் சாகும் வரை, கால் நூற்றாண்டு, தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அடிப்படையில் அவர் ஒரு வியாபாரி. நம்ம டிபார்ட்மென்ட் :-) கப்பல் வந்தது, சரக்கு விலை, யாருக்கும் யாருக்கும் சண்டை, கவர்னர் வீட்டில் என்ன பேச்சு, ஊர் வம்பு எல்லாம் அதில் கலந்து கிடக்கிறது. பிற்காலத்தில் சென்னை அரசாங்கம் அதைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. பிரபஞ்சனின் "மானுடம் வெல்லும்", "வானம் வசப்படும்" நாவல்களுக்கு அதுதான் ஊற்று. "வானம் வசப்படும்" 1995-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. சரக்கு விலையும் ஊர் வம்பும் சில்லறை விஷயம் என்று அவர் எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்?

இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், அவரவர் வீட்டு அடுக்களைக்குப் போங்கள். சுவரில் மாதக் காலண்டர் தொங்கும். அதில் அம்மா எழுதியிருப்பார்கள்: பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. சிலிண்டர் மாற்றிய தேதி. சீட்டுப் பணம் கட்டிய நாள். தம்பிக்கு ஜுரம், டாக்டரிடம் போனது. பெரியப்பா ஊரிலிருந்து வந்த நாள். யாரும் "அம்மா டைரி எழுதுகிறார்கள்" என்று சொல்வதில்லை. ஆனால் நம் வீடுகளில் வருஷம் தவறாமல், விடாமல் எழுதப்படும் ஒரே டைரி அதுதான். லேஸ் இல்லை, ரிப்பன் இல்லை, அதனால்தான் எழுதப்படுகிறது. ஜனவரி ஆனதும் அது என்ன ஆகிறது? பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகிறது. ஒரு குடும்பத்தின் பன்னிரண்டு மாதம், கிலோ இத்தனை ரூபாய் என்று. எனக்கு வயிறு எரிவது இங்கேதான். எழுதாத டைரியை ஷோகேஸில் வைத்துக்கொண்டு எழுதின டைரியை எடைக்குப் போடுகிறோம்.

சரி, எப்படிச் செய்வது?

ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் நாலு பக்கம். எட்டுத் தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் 32 பக்கம். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் ஒரு மாதம் முடிந்து ஒரு பக்கமாவது மிஞ்சும். வருஷம் முழுக்கச் சேர்த்து ஒரே தடி டைரி செய்யாதீர்கள். மாதத்துக்கு ஒன்று, மெலிசாக. அதுதான் முக்கியமான ரகசியம்.

தாள் வாங்கவே வேண்டாம். போன செமஸ்டர் நோட்டுகளைப் பாருங்கள். பாதிக்கும் குறைவாக எழுதியிருந்தால் நடுப்பக்கத்தைத் திறந்து இரட்டைத் தாள்களாக உருவிக்கொள்ளலாம், ஏற்கனவே மடிந்தே இருக்கும். பாதிக்கு மேல் எழுதிய நோட்டு என்றால் கடைசித் தாள்களை ஓரமாக வெட்டி எடுத்து மடித்துக்கொள்ளுங்கள், சட்டைப்பை சைஸுக்கு வரும்.

மடித்ததை உடனே தைக்காதீர்கள். கடையில் விற்கும் ஏ4 தாளுக்குப் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடும். நாம் மடிப்பது குறுக்கே. அதனால் மடிப்பு துள்ளும். ஸ்கேலை வைத்து அழுத்தித் தேய்த்து, மேலே தடிமனான புத்தகம் இரண்டை ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் இதற்கு மிகப் பொருத்தம். அதற்கும் ஒரு பயன் வேண்டாமா?

மறுநாள் மடிப்புக்கோட்டில் மூன்று துளை. நடுவில் ஒன்று, மேலே கீழே ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒவ்வொன்று. கோணி ஊசி இருந்தால் நல்லது. நூல் கொஞ்சம் தடிமனாக, மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை இழுத்து எடுத்தால் வழுக்காது, முறுக்காது. (மெழுகுவர்த்திக்கு இந்த வேலை போதும், தாளைக் கொளுத்த வேண்டாம்.) உள்பக்கமிருந்து நடுத் துளையில் ஊசியை வெளியே விடுங்கள். மேல் துளை வழியாக உள்ளே. நடுத் துளையைத் தாண்டிக் கீழ்த் துளை வழியாக வெளியே. மறுபடி நடுத் துளை வழியாக உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளே இருக்கும். நடுவே ஓடும் நீள நூலுக்கு இரண்டு பக்கமும் முனைகளை வைத்து முடிச்சுப் போடுங்கள். முடிந்தது. பசை வேண்டாம், க்ளூ கன் வேண்டாம். முதுகில் பசையை மட்டும் நம்பி ஒட்டிய டைரிகள்தான் பக்கம் பக்கமாக உதிரும். நூல் போட்டது லேசில் வராது.

ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் ஆன ப்ராஜெக்ட் தாள் நிறைய இருக்கிறதா? அச்சு உள்ளே போகிற மாதிரி மடித்து, மடிப்பை வெளிப்பக்கம் விட்டு, திறந்த ஓரத்தில் வவுச்சர் கட்டு மாதிரி குத்தித் தையுங்கள். சீனா, ஜப்பான் பக்கம் பழைய புத்தகங்கள் பலவும் இப்படி மடித்த தாளில் தைத்தவைதான். இந்த முறையில் 16 தாளுக்கு 32 பக்கம்.

அட்டை? மாதம் முடியட்டும். காலண்டரில் அந்த மாதத் தாளைக் கிழித்து, ஸ்கூல் நோட்டுக்கு பிரவுன் ஷீட் போடுகிற மாதிரி அட்டை போடுங்கள். உள்ளே உங்கள் மாதம், வெளியே அம்மாவின் பால் கணக்கு. பன்னிரண்டையும் சேர்த்து ஒரு கயிற்றால் கட்டினால் அந்த வருஷம் எடைக்குப் போகாமல் தப்பிக்கும். இதை விட நல்ல டிசைன் எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்காது.

எதிர்க்கட்சிக்கு இரண்டு நிமிஷம்

"இதுக்குப் பதில் ஒரு நோட்டு வாங்கிடலாமே?" நியாயமான கேள்வி. கணக்கே போட்டுவிடுவோம். 500 தாள் ரீம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாள் 60 காசு. மாதத்துக்கு எட்டுத் தாள், 4 ரூபாய் 80 காசு. வருஷத்துக்கு 57 ரூபாய் 60 காசு. கடை நோட்டோடு ஒப்பிட்டால் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை. நம் நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று கூலி போட்டால் நஷ்டம்கூட வரும். டைரி செய்தால் காசு மிச்சம் என்று சொல்பவர் பொய்க்கணக்கு எழுதுகிறார். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் நீங்களே செய்த, மறுபடி எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடிய ஒரு பொருள் கெட்டுப்போகுமே என்று உங்களுக்குப் பயம் வராது. பயம் போனால் கை ஓடும். அதோடு 32 பக்கம்தான் என்பதால் அது முடியும். ஒரு நோட்டை முழுசாக எழுதி முடித்தேன் என்கிற திருப்தி மாதாமாதம் வரும். கடை நோட்டிலேயே உங்களுக்குக் கை ஓடுகிறது என்றால் பேஷாக எழுதுங்கள், எனக்கு எழுத்துதான் முக்கியம்.

"ஓசி டைரி வருஷா வருஷம் வருதே?" வருகிறது. 1812-இல் லண்டனில் ஜான் லெட்ஸ் என்ற ஸ்டேஷனரி வியாபாரி தேதி அச்சடித்த டைரியை விற்க ஆரம்பித்தார், அவர்கள் ஊர் வியாபாரிகளின் வசதிக்காக. அப்பாயின்ட்மென்ட் குறிக்க அது சரி. நமக்கு? நாலு நாள் எழுதாமல் விட்டால் அச்சடித்த நாலு தேதி காலியாக உட்கார்ந்துகொண்டு முறைக்கும். குற்ற உணர்ச்சியில் ஐந்தாம் நாள் டைரியையே மூடிவிடுவோம். நாம் செய்ததில் தேதியை நாம்தான் போடுகிறோம். பத்து நாள் விட்டாலும் அடுத்த வரியிலிருந்து தொடரலாம். யாரும் ஆஜர் எடுக்க மாட்டார்கள்.

"மொபைலில் எழுதலாமே?" எழுதலாம். தேடுவதற்கு வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதத் திறந்த கையோடு நோட்டிஃபிகேஷன் வந்து, அரை மணி நேரம் கழித்து எதற்குத் திறந்தோம் என்றே மறந்துபோகிற வியாதி எனக்கு மட்டும்தானா இருக்கிறது?

"கலையை மட்டம் தட்டுகிறாயா?" இல்லவே இல்லை. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறையில் பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி, தாள் தாளாக எடுத்துச் செய்கிறார்கள். அது தொழில், அது கலை, தலைவணங்குகிறேன். படம் வரைபவர்கள், பரிசு கொடுப்பவர்கள் தாராளமாக அழகாகச் செய்யட்டும். அதற்கு டைரி என்று பெயர் வைத்து, "எழுதப் போகிறேன்" என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

கடைசியாக ஒன்று. மூன்று வருஷமாக ஏதோ ஒரு ராமும் சோமுவும் நடத்தாத கடைக்கு ஜர்னல் என்ட்ரி போட்டுக்கொண்டே இருக்கிறோம். சரக்கு விற்றது, கழிவு கொடுத்தது, வாராக்கடன் எல்லாம் பைசா சுத்தமாக. நம்ம நாளுக்கு ஒரு என்ட்ரி உண்டா? முதல் செமஸ்டரில் யாரோடு பஸ்ஸில் வந்தோம், அப்பா ஃபீஸுக்கு எங்கே கடன் வாங்கினார், பாட்டி கடைசியாக நம்மிடம் என்ன சொன்னார், எதுவும் எந்த ஏட்டிலும் இல்லை. ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறோம். வவுச்சர் இல்லாத கணக்கை ஆடிட்டர் ஏற்க மாட்டார். நாற்பது வயதில் நம் ஞாபகத்தைக் கேட்டால் அதுவும் ஏற்காது.

எட்டுத் தாள், ஒரு ஊசி, ஒரு முழம் நூல். பிள்ளையார் சுழியை வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதே பக்கத்தில் அதற்குக் கீழேயே இன்றைய செலவை எழுதிவிடுங்கள். டீ எத்தனை ரூபாய், யார் கொடுத்தது. ஆனந்தரங்கப் பிள்ளையும் கணக்கில்தான் ஆரம்பித்திருப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

டிஸ்கி: சாம்பார் மேட்டர் முழுக்க முழுக்கக் கற்பனை. எங்க மெஸ் மாஸ்டர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் சாப்பிட வேண்டும்.